கால் ஸ்பூன் நிலாவாரை

கல்யாண வீட்டுப் பந்தியில் தொடர்ந்து உட்கார்ந்தால் யார் வயிறும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சித்தப்பா வயிறு முழு வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டது. வடை, அல்வா, பரோட்டா என்று உள்ளே போனதற்கெல்லாம் கணக்கு இருந்தது. வெளியே வந்த கணக்குதான் இல்லை. சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏலே, நாட்டு மருந்துக் கடையில நிலாவாரைப் பொடி வாங்கிட்டு வா. எவன்ட்டயும் சொல்லாத" என்றார்.

எங்கள் தென்மாவட்டங்களில் நிலாவாரை அபூர்வச் சரக்கு இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் விளைந்து, தூத்துக்குடியில் கப்பலேறி, வெளிநாட்டில் ‘டின்னவேலி சென்னா’ என்ற பெயரில் விற்கிற இலை. வெள்ளைக்காரன் வயிற்றையே இளக்கியதற்குச் சித்தப்பா வயிறு எம்மாத்திரம்?

கடைக்காரர் பொட்டலம் மடிக்கும் முன் விசாரணை நடத்தினார். "வயித்து வலி, வாந்தி இருக்கா? இருந்தா இது கூடாது, டாக்டர்ட்ட போயிரணும். நீர் பிரியுற மாத்திரை, இருதய மாத்திரை எதுவும் சாப்பிடுதாரா?" எதுவும் இல்லை என்றேன். "அப்போ கால் ஸ்பூன். படுக்கும்போது வெந்நீர்ல. காலையில போகும். தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல எடுக்கக் கூடாது. மாசமா இருக்கிற பிள்ளைங்க, குழந்தைங்க கையில கிடைக்காம வைங்க."

அத்தனையையும் சித்தப்பாவிடம் ஒப்பித்தேன். தலையை ஆட்டிக்கொண்டார். ராத்திரி எட்டு மணிக்குக் கால் ஸ்பூன். ஒன்பதுக்கு, "ஒண்ணும் அசையலியே, கலப்படப் பொடி" என்று இன்னொரு ஸ்பூன். பத்தரைக்கு மேலும் ஒன்று, இது குவித்து.

அவர் விளக்கெண்ணெய்க் காலத்து ஆள். அது குடித்த சில மணி நேரத்திலேயே பின்கட்டுக்கு ஓட வைக்கும். நிலாவாரை அப்படி இல்லை. பெருங்குடல் வரைக்கும் கமுக்கமாகப் போய், அங்கே இருக்கிற பாக்டீரியா அதை உடைத்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அதனால்தான் ராத்திரி சாப்பிடச் சொல்வது. இதெல்லாம் சித்தப்பாவின் பொறுமைக்கு அப்பாற்பட்ட விஷயம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு, ஒரே ரூட்டில் மூன்று பஸ் அடுத்தடுத்து வந்த மாதிரி, மூன்று டோஸும் வந்து சேர்ந்தன. வீடு நிறையச் சொந்தக்காரர்கள், கக்கூஸ் ஒன்று. வாசலில் பல்லில் பிரஷ்ஷோடு பெரிய அத்தை, அவருக்குப் பின்னால் தோளில் துண்டோடு மாப்பிள்ளை வீட்டு மாமா. சம்பந்திமார் முன்னால் சத்தம் போடவும் முடியாது. உள்ளேயிருந்து, "யாரும் கதவைத் தட்டாதீங்க, நானே வருவேன்" என்று குரல் மட்டும் வந்தது. வந்தார். துண்டுக்கார மாமா ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்ப உள்ளே போய்விட்டார்.

ஒருவழியாக ஓய்ந்ததும் அடுத்த பீதி. என் காதோரம் வந்து, "ஒண்ணுக்கு ஒரு மாதிரி பழுப்பு மஞ்சளாப் போகுதுடே. காமாலையா இருக்குமோ?" நிலாவாரை சாப்பிட்டால் அந்த நிறம் வருவதுண்டு, மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றேன். பாதிதான் நம்பினார். சித்தி ஒன்றும் பேசாமல் உப்பு போட்ட மோரைச் சொம்பு நிறையக் கொண்டு வந்து வைத்தார். அப்புறம் இளநீர். பேதியில் தண்ணீரோடு உப்புச் சத்தும் போய்விடுமே. மத்தியானத்துக்குள் முகம் தெளிந்து, கல்யாண மிச்சத்தில் அல்வா இருக்கிறதா என்று விசாரிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

"வயிறு என்ன லேசா இருக்கு தெரியுமா? இனி தெனமும் கொஞ்சம் போட்டுக்கிட்டா என்ன?" என்றார்.

"தெனம் போட்டா அப்புறம் அது இல்லாம குடல் வேலை செய்யாமப் போயிரலாம். கொய்யாப்பழமும் கீரையும் வாங்கிட்டு வாங்க, நிறையத் தண்ணி குடிங்க" என்ற சித்தி, பொட்டலத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.