சிகாகோ வானொலியில் வாரம் ஒரு மணி நேரம்: உள்ளூர் ஜாஸ், புளூஸ் கலைஞர்களை ஏற்றும் வேலை

அமெரிக்காவில் எங்களுடையதைப் போன்ற குறைதிறன் எஃப்.எம். நிலையத்துக்குக் கிடைக்கும் அனுமதி 100 வாட்தான். ஆண்டெனா 30 மீட்டர் உயரத்தில் நின்றால் அலை 5, 6 கிலோமீட்டர் போகும். நடுவில் உயரமான கட்டடம் வந்துவிட்டால் அதுவும் போச்சு. இதைக் குறையாக நினைத்துக்கொண்டிருந்த வரை, பெரிய நிலையங்கள் போடும் பழைய ரெக்கார்டுகளையே நாங்களும் போட்டுக்கொண்டிருந்தோம். கேட்கிறவர் பஸ் ஏறினால் அரை மணியில் போய்ச் சேரும் கிளப்பில், அதே வாரம் வாசிக்கப் போகிறவரைத்தான் ஞாயிறு மாலை அழைப்பது என்று வைத்த பிறகு, யாரைக் கூப்பிடுவது, எத்தனை பாட்டு, என்ன பேசுவது எல்லாம் அதிலிருந்தே முடிவாகிவிட்டது.

புது யோசனை ஒன்றும் இல்லை. 1941 நவம்பரில் ஆர்கன்சாவின் ஹெலினா ஊரில், கே.எஃப்.எஃப்.ஏ. நிலையத்தில், ஒரு மாவு வியாபாரியின் உபயத்தில் புளூஸ் கலைஞர்கள் சன்னி பாய் வில்லியம்சனும் ராபர்ட் லாக்வுட் ஜூனியரும் மதியம் மதியம் நேரலையில் வாசிக்கத் தொடங்கினார்கள். இன்றிரவு கச்சேரி எங்கே என்பதை மைக்கிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் அதில் அவர்களுக்குப் பெரிய வரும்படி. நாங்கள் செய்வதும் அதேதான், விதிகள்தான் கூடிவிட்டன. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

தேதியைக் கச்சேரியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பிடிக்க வேண்டும். கிளப்புகளின் மாத அட்டவணை கைக்கு வந்ததும், ஆறு வாரம் முன்னதாகவே எழுதிவிடுகிறோம். செவ்வாய், புதன், வியாழன் கச்சேரிகளுக்குத்தான் முன்னுரிமை. வெள்ளி சனியில் அப்டவுனில் இருக்கும் கிரீன் மில் போன்ற இடங்கள் வெளியூர்க்காரர்களாலேயே நிரம்பிவிடும், நம் தயவு தேவையில்லை. புதன் இரவு எட்டு மணிக்குப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்கு இன்னும் ஐந்து பேரை அனுப்ப முடிந்தால் அது அந்தக் குழுவுக்குத் தெரியும். ஜூனில் நகரமே புளூஸ் விழாவில் இருக்கும். 1984இலிருந்து நடக்கிற விழா அது. அந்த வாரங்களில் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். ஜனவரி, பிப்ரவரியில் எல்லோருக்கும் நேரம் உண்டு, ஆனால் குளிர் வேறு கணக்குக் காட்டும்.

அழைப்புக் கடிதத்தில் கேட்பவை: எத்தனை பேர், யார் என்ன வாத்தியம், எதைக் கொண்டுவருகிறார்கள், எதை நாங்கள் தர வேண்டும், நான்கு உருப்படிகளின் பெயரும் இயற்றியவர் பெயரும், அந்த வாரக் கச்சேரியின் இடமும் நேரமும். பெயர்களை எப்படி உச்சரிப்பது என்பதை மட்டும் எழுத்தில் வாங்குவதில்லை. போனில் அவர்களையே சொல்லச் சொல்லி ஐந்து வினாடி பதிவு செய்துகொண்டால் போதும். தலைவர் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. சபாக் கச்சேரியில் மிருதங்கக்காரர் பெயரைச் சொல்லாமல் விட்டால் எவ்வளவு கோபம் வருமோ அவ்வளவு கோபம் இங்கே கீழ்ச்சுருதி வாத்தியமான பேஸ் வாசிப்பவர் பெயரை விட்டாலும் வர வேண்டும், பல நிகழ்ச்சிகளில் வருவதில்லை. ஒரே பியானோக்காரர் வாரத்தில் நான்கு குழுக்களில் வாசிப்பார். அவர் பெயர் கேட்கிறவர் மனதில் பதிந்தால் நான்கு கச்சேரிக்கும் ஆள் சேரும்.

இனி நேரக் கணக்கு. ஒரு மணி நேரம் என்று பேர்தானே தவிர, கையில் இருப்பது 58 நிமிடம். மணி அடிக்கும் வேளையில் நிலையத்தின் அழைப்பெழுத்தும், உரிமம் பெற்ற ஊரின் பெயரும் சொல்லியாக வேண்டும். ஆதரவாளர் அறிவிப்பும் உண்டு. அதில் இரண்டு பேச்சுப் பகுதி எட்டு நிமிடம், வாரக் கச்சேரிப் பட்டியல் மூன்று, அறிமுகமும் பெயர் சொல்லலும் இரண்டு, உள்ளூர் ரெக்கார்டு இரண்டு பத்து நிமிடம். மிச்சம் 35. இதில் 30ஐ மட்டும் நேரலை வாசிப்புக்குக் கொடுங்கள். ஐந்து நிமிடம் கையில் இருக்கட்டும், எப்படியும் கரைந்துவிடும்.

“இந்த உருப்படி எவ்வளவு நேரம்?” என்று கேட்டால் எந்த ஜாஸ் கலைஞரும் “ஒரு அஞ்சு நிமிஷம்” என்பார். பொய்யில்லை, அவருக்கே தெரியாது. சுற்றுக் கணக்கைக் கேட்க வேண்டும். கோரஸ் என்று அவர்கள் சொல்வதை நம் ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம், நீளம்தான் அதிகம். ஒரு பார் என்பது நான்கு தட்டு, ஆகவே 12 பார் புளூஸ் 48 தட்டு. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு சுற்று 24 வினாடி. தொடக்கத்தில் மெட்டு இரண்டு சுற்று, நான்கு பேர் ஆளுக்கு மூன்று சுற்று தனி, முடிவில் மெட்டு இரண்டு சுற்று. மொத்தம் 16 சுற்று, 6 நிமிடம் 24 வினாடி. ஸ்டாண்டர்ட் எனப்படும், எல்லோரும் வாசிக்கும் பழைய பாட்டு, 32 பார் கொண்ட ஒன்றை 160 தட்டு வேகத்தில் எடுத்தால் ஒரு சுற்று 48 வினாடி. மெட்டு ஒன்று, மூன்று பேருக்கு இரண்டிரண்டு, மறுபடி மெட்டு ஒன்று. எட்டுச் சுற்று, அதே 6:24. ஆனால் அந்த முதல் புளூஸையே 60 தட்டு வேகத்துக்கு இழுத்து வாசித்தால் 12 நிமிடம் 48 வினாடி ஆகும். நேரலையில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த மெதுவான புளூஸில்தான். மெதுவானதை மூன்றாவதாக வைத்து, தனியை ஆளுக்கு ஒரு சுற்று என்று முன்பே பேசிவிடுங்கள். எட்டுச் சுற்று, ஆறரை நிமிடத்தில் முடியும்.

கண்ணாடிக்கு அப்பால் நின்று கையை ஆட்டுவது வேலைக்காகாது, பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார்கள். தலைவரிடம் மட்டும் சைகை. உச்சந்தலையைத் தட்டினால் மெட்டுக்குத் திரும்பு என்று பொருள். அது அவர்களுடைய சொந்த வழக்கம், நாம் கற்பிக்க வேண்டியதில்லை. நான்கு விரல் காட்டினால் டிரம்ஸோடு நான்கு நான்கு பாராக மாற்றி மாற்றி வாசிப்பது. நேரம் குறைவாக இருக்கும்போது அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள், டிரம்ஸ்காரர் எப்போது விடுவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்டூடியோ 12க்கு 14 அடி. மூவர் குழுவுக்குச் சரியான இடம், நால்வர் வந்தால் முழங்கை இடிக்கும். டிரம்ஸில் பாஸ் டிரம் 18 அங்குலம், ஸ்நேர், ஹை-ஹாட், ஒரே ஒரு ரைடு சிம்பல், இதற்கு மேல் உள்ளே விடுவதில்லை. குச்சிக்குப் பதில் பிரஷ். கிடார் ஆம்பிளிஃபயர் 15 வாட்டுக்கு மேல் வேண்டாம், அதையும் தரையில் வைக்காமல் நாற்காலியில் ஏற்றி வாசிப்பவரின் காதைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். தரையில் வைத்தால் சத்தம் அவர் முழங்காலுக்குத்தான் போகும், காதுக்குக் கேட்கவில்லை என்று கூட்டுவார், அது டிரம்ஸ் மைக்கில் வந்து விழும், பிறகு மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஃபேடரை இறக்கியும் பயனில்லை. ஆம்பிளிஃபயர் முன்னால் ஒரு எஸ்.எம். 57 மைக் போதும், ஸ்பீக்கர் கூம்பின் நடுவைவிட்டுச் சற்று விளிம்புப் பக்கம்.

நிற்கும் பெரிய பேஸுக்கு, அதில் பொருத்திய பிக்கப்பிலிருந்து, வாத்தியத்தை நேராக மிக்ஸரில் இணைக்கும் டி.ஐ. பாக்ஸ் வழியாக மட்டும் எடுத்தால் ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். ஒரு கண்டென்ஸர் மைக்கைக் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி வைத்து இரண்டையும் கலக்க வேண்டும். புளூஸ் ஹார்மோனிகாவில் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு, கையில் பிடிக்கும் அந்த உருண்டை மைக்கை நேராக மிக்ஸரில் செருகுவது. கொசு ரீங்காரம்தான் வரும். அந்த மைக்கும், அதனால் கொஞ்சம் கிழிந்து ஒலிக்கும் சிறு ஆம்பிளிஃபயரும் சேர்ந்ததுதான் வாத்தியம். ஆம்பிளிஃபயருக்குத்தான் மைக் வைக்க வேண்டும். பாடவும் செய்கிறவரானால் பாட்டுக்குத் தனி மைக்.

ஒரு ‘ம்ம்ம்’ இரைச்சல் கேட்டால் பெரும்பாலும் ஆம்பிளிஃபயரும் மிக்ஸரும் வேறு வேறு மின்சுற்றில் இருக்கும். இரண்டையும் ஒரே சுற்றில் செருகுங்கள், அதிலும் போகாவிட்டால் டி.ஐ. பாக்ஸில் இருக்கும், ஒலிக் கம்பியின் தரையிணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். ஆம்பிளிஃபயர் பிளக்கின் மூன்றாவது முள்ளை, அதாவது எர்த்தை, எடுத்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கையில் கிடார் கம்பி, உதட்டில் மைக், உயிர்போகிற ஷாக் அடிக்கும்.

குளிர்காலத்தில் ஏற்பாட்டுக்கு 90 நிமிடம் போதாது, இரண்டு மணி நேரம் வேண்டும். வெளியே மைனஸ் 10, உள்ளே 21. பேஸை வந்ததும் உறையிலிருந்து எடுத்தால் மரத்துக்கும் ஆகாது, சுருதியும் நிற்காது. உறைக்குள்ளேயே அரை மணி இருக்கட்டும். சாக்ஸபோன் குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கி ஒலிக்கும், ஊதி ஊதித்தான் ஏற்ற வேண்டும். ஹார்மோனிகாவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வருபவர் அனுபவசாலி. காரிலேயே விட்டுவிட்டு வருகிறவருக்கு முதல் பாட்டில் உள்ளே ஒலி எழுப்பும் தகடுகளான ரீட் இரண்டு ஒட்டிக்கொள்ளும்.

மிக்ஸரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெலில் நிற்கட்டும். அதற்குப் பிறகு நிலையத்தின் புராசஸர் தன் வேலையைச் செய்யும், அதாவது மெல்லியதை எல்லாம் தூக்கும். பாலட் எனப்படும் மெதுவான பாட்டின் நடுவில் இடைவெளி வந்தால் ஏர் கண்டிஷனர் காற்றும் சேர்ந்து மேலே வரும், அந்த ஐந்து நிமிடம் அதை அணைத்துவிடுங்கள். எஃப்.எம்.மில் உயர் அதிர்வெண்ணை அனுப்புமுன் தூக்கித்தான் அனுப்புவார்கள். அதனால் ஸ்டூடியோவில் இதமாக இருக்கும் சிம்பல், ஒலிபரப்பில் சத்தத்துக்கு உச்சவரம்பு போடும் லிமிட்டரை உதைத்து மொத்த இசையையும் அமுக்கிவிடும். டிரம்ஸுக்கு மேலே தொங்கும் மைக்கைச் சிம்பலைவிட்டு நகர்த்துவது, மிக்ஸரில் ட்ரெபிளைக் குறைப்பதைவிட மேல். மறக்காமல் ஒருமுறை மோனோவில், அதாவது இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கி, கேளுங்கள். எல்லை ஓரத்தில் இருப்பவரின் ரேடியோ ஸ்டீரியோவை விட்டுவிடும், அப்போது சில கீபோர்டுகளின் அகன்ற பியானோ ஒலி பாதி காணாமல் போகும்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. நிலையத்தில் மௌனத்தைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கும். சத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே 20 வினாடி இருந்தால் ஏதோ பழுது என்று முடிவு கட்டி, கணினியில் இருக்கும் மாற்று இசைக்குத் தானாக மாறிவிடும். மெல்லிய பேஸ் தனி நடக்கும்போது அதுவும் அப்படித்தான் நினைக்கும். உள்ளே பேஸ்காரர் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருப்பார், வெளியே வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கும், ஸ்டூடியோ ஹெட்ஃபோனில் தெரியவே தெரியாது. நேரலை நாளில் அந்த நேரத்தை 60 வினாடிக்கு உயர்த்தி வையுங்கள். ஒருவர் எப்போதும் உண்மையான ஒரு ரேடியோப் பெட்டியில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

விதிகள். லாப நோக்கில்லாத நிலையம் பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு வியாபார விளம்பரம் செய்யக் கூடாது. கலைஞர்கள் இலவசமாக வாசிப்பதையே கைம்மாறு என்று யாரும் வாதாடிவிடக் கூடாது என்பதால், கச்சேரி அறிவிப்பில் இடம், நாள், நேரம் மட்டும். விலை கிடையாது, “கட்டாயம் வாங்க” கிடையாது, “நகரத்திலேயே சிறந்த கிளப்” கிடையாது. விருந்தாளிக்கும் இதை முன்பே சொல்லுங்கள், இல்லையென்றால் உற்சாகத்தில் “பத்தே டாலர், எல்லாரும் வாங்க!” என்றுதான் முடிப்பார். குழு இலவசமாகத் தரும் சி.டி.யைப் பெற்றுக்கொள்ளலாம். அழைத்ததற்காகக் காசோ விருந்தோ வாங்கி அதை ஒலிபரப்பில் சொல்லாமல் விட்டால் குற்றம். கெட்ட வார்த்தை விஷயத்தில் காலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை கடுமை. புளூஸ் வரிகளின் இரட்டை அர்த்தம் அநேகமாகச் சிக்கலாவதில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஸ்ட்ரிங் அறுந்தால் வாயில் வருமே, அதுதான் ஆபத்து. உருப்படி முடிந்ததும் அவர்கள் மைக்கை இறக்குவது இதற்காகவும்தான்.

இணையத்திலும் ஒலிபரப்பினால் இன்னொரு கணக்கு வரும். மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பதிவு, ஒரே கலைஞருடையது நான்கு, அதற்கு மேல் போடக் கூடாது. போடப்போகும் பாட்டுகளின் பெயரை முன்கூட்டி வெளியிடவும் கூடாது. ‘இந்த வாரக் கலைஞர்’ என்று ஆறு டிராக் போட ஆசைப்படுகிறவர்கள் மாட்டுவது இங்கே. பதிவின் உரிமையாளரிடம் எழுத்தில் விலக்கு வாங்கலாம், உள்ளூர்க் குழுக்களில் உரிமை பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருக்கும். நேரலை வாசிப்புக்கும் ஒலிபரப்பு, இணையம், சேமிப்பு மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு தரவிறக்கத்துக்குப் போடுவதானால் குழுவின் சொந்த உருப்படிகள் மட்டும். பிறர் பாட்டுக்கு வேறு உரிமம் வேண்டும்.

பல கலைஞர்களுக்குத் தெரியாத செய்தி: அமெரிக்காவில் எஃப்.எம். அலையில் ரெக்கார்டு ஒலித்தால் பாட்டை இயற்றியவருக்குத்தான் பணம், வாசித்தவருக்கு இல்லை. இணைய ஒலிபரப்புக்கு மட்டும், பணத்தை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வழியாகப் பதிவு உரிமையாளருக்கு 50 சதவீதம், முதன்மைக் கலைஞருக்கு 45, மற்ற வாசிப்பவர்களுக்காக 5. சொந்தமாக ஆல்பம் போட்டவர் உரிமையாளராகவும் கலைஞராகவும் இரண்டு முறை பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் பாதியை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அந்த அமைப்புக்கு நாம் அனுப்பும் பட்டியலில் ஆல்பம், லேபிள் பெயர், இருந்தால் ஒவ்வொரு பதிவுக்கும் உரிய 12 எழுத்து அடையாளக் குறியீடான ஐ.எஸ்.ஆர்.சி. எண், இவை சரியாக இல்லையென்றால் அந்தச் சில்லறையும் போய்ச் சேராது.

பேச்சுப் பகுதியில் “எப்படி இசைக்கு வந்தீர்கள்?” என்று தொடங்கினால் நான்கு நிமிடமும் அதிலேயே போகும். புதன்கிழமை யார் யார் வாசிக்கிறார்கள், இந்த டிரம்ஸ்காரரை எங்கே பிடித்தீர்கள், ஒத்திகையில்லாமல் பலரும் சேர்ந்து வாசிக்கும் திங்கள் ஜாம் செஷனுக்குப் புதியவர் வந்தால் எந்த ஸ்கேலில் தொடங்குவீர்கள் என்று கேளுங்கள். யாரிடம் கற்றீர்கள் என்ற கேள்வியும் இந்த ஊரில் நன்றாக வேலை செய்யும். 1965இல் தொடங்கிய ஏ.ஏ.சி.எம். என்ற இசைக்கலைஞர் அமைப்பின் வகுப்புகளில் படித்தவர்களும், நகரின் தெற்குப் பக்க, மேற்குப் பக்க புளூஸ் அறைகளில் நின்றே கற்றவர்களும் இன்னும் வாசிக்கிறார்கள். அதைச் சொல்லும்போது குரலே மாறும்.

காசு கொடுக்க நிலையத்தால் முடியாது. இசைக்கலைஞர் யூனியன் உறுப்பினர் என்றால் இலவச வாசிப்பைப் பற்றி முன்கூட்டியே யூனியனிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பார்க்கிங் பணம் நம் பொறுப்பு. அதோடு அவர்கள் வாசித்ததன் பதிவு, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக. அதைத் திங்கள் மதியத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். புதன் கச்சேரிக்கு ஒரு நிமிடத் துண்டை வெட்டி அவர்கள் போட்டுக்கொள்வார்கள். வியாழன் அனுப்பினால் அவர்களுக்கு அது ஞாபகார்த்தம் மட்டும்தான்.