சி12 என்று ஒரு மறுப்பு

இ2எஃப்எஸ்புரோக்ஸ் 1.47 (லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் கருவித் தொகுப்பு) கொண்டு இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ். பழைய லினக்ஸ் கணினியில் மவுன்ட் ஆகிறது, ஃபைல்கள் திறக்கின்றன. ஆனால் இ2எஃப்எஸ்சிகே என்ற சரிபார்க்கும் கருவியை ஓடவிட்டால், 'ஃபீச்சர்_சி12' தெரியாது, புதிய பதிப்பு கொண்டுவா என்று கையை விரிக்கிறது.

டிரைவில் பழுதில்லை.

சி12 என்பது ஆர்ஃபன்_ஃபைல் வசதி; அழித்தும் இன்னும் திறந்திருக்கும் ஃபைல்களைக் குறித்துவைப்பது. 2023-இல் வந்த 1.47.0 முதல், ஃபார்மேட் செய்யும் கருவியான எம்கேஇ2எஃப்எஸ் அதைத் தானாகவே சேர்க்கிறது. இந்த 'சி' (காம்பாட்டிபிள்) வகை வசதி தெரியாவிட்டாலும் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) மவுன்ட் செய்துவிடும். சரிபார்க்கும் கருவி அப்படி விடாது. புரியாத ஒன்றைத் திருத்தப் போய்க் கெடுப்பதைவிட மறுப்பதே சரி.

தீர்வு: புதிய கணினியில் அன்மவுன்ட் செய்து, முழுச் சோதனை முடித்து, ஃபைல் சிஸ்டம் அமைப்பை மாற்றும் டியூன்2எஃப்எஸ்-இல் -ஓ (ஆங்கிலப் பெரிய எழுத்து) கொடுத்து, அடுத்து ^ஆர்ஃபன்_ஃபைல் என்று போடுங்கள். அந்த ^ குறிதான் வசதியை நீக்குகிறது.

இ2எஃப்எஸ்சிகே கொண்டு சோதிக்கும்போது -எஃப் (சிறிய எழுத்து) மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் 'கிளீன்' என்ற முத்திரையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடும். கூடவே -என் (இதுவும் சிறிய எழுத்து) போட்டால் எதையும் எழுதாது. வெளியேறும் எண் 4 என்றால் திருத்தப்படாத பிழை இருக்கிறது.

பெரிய ஃபைலை நகலெடுத்து ஷா256சம் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) ஒப்பிடுபவர்கள், நடுவில் அன்மவுன்ட் செய்து டிரைவைக் கழற்றி மாட்டுங்கள். இல்லாவிட்டால் பதில் ரேமிலிருந்து வரும், டிரைவிலிருந்து அல்ல. மாட்டியதும் டிரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே பாருங்கள். டிரைவின் பெயர் எஸ்டிபி என்பது இப்போது எஸ்டிசி ஆகியிருக்கலாம்.