எஸ்டீமில் பவர் ஸ்டீயரிங்கைக் கழற்றியது: மேனுவல் ராக்குக்கு மாறிய அனுபவம்

பவர் ஸ்டீயரிங் பம்ப்பைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. பெல்ட், நாலைந்து போல்ட், இரண்டு ஹோஸ், அவ்வளவுதான். ஆனால் பம்ப் வெளியே வந்ததும் வண்டி மேனுவல் ஸ்டீயரிங் வண்டியாகிவிடும் என்று நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான். ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக்கிச் சக்கரங்களைத் திருப்பும் பற்தண்டுதான் ராக். பவர் இல்லாத பவர் ராக் வேறு, மேனுவல் ராக் வேறு. பலர் பம்ப்போடு நிறுத்திக்கொண்டு, "ஸ்டீயரிங் அசையவே மாட்டேன் என்கிறது" என்று நொந்துபோய், மறுபடியும் பெல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். என் வண்டியில் ராக்கையும் சேர்த்தே மாற்றினேன். அதில் பார்த்தது, தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

வண்டி மாருதி எஸ்டீம் விஎக்ஸ். 1.3 லிட்டர் ஜி13பிபி இன்ஜின், எம்பிஎஃப்ஐ எரிபொருள் அமைப்பு, 85 குதிரைத்திறன், 900 கிலோவுக்குள் அடங்கும் எடை. 1994இல் அறிமுகமாகி 2007 வரை விற்ற இந்த வண்டி ஒரு காலத்தில் நம் ரேலிகளிலும் பந்தயங்களிலும் அடிக்கடி கண்ணில் பட்டது. இவ்வளவு குறைந்த எடையில் இவ்வளவு உற்சாகமாகச் சுழலும் இன்ஜின் கிடைப்பது அரிது என்பதுதான் காரணம். என்னுடையதை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் மட்டுமே ஓட்டுகிறேன். அங்கும் இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன். ஏசியை முன்பே எடுத்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. தினமும் சாலையில் ஓடும் வண்டியில் இந்த வேலையைத் தொடங்குவதற்கு முன், ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்வது அவசியம்.

வேலை தொடங்கியதே ஒரு கசிவால்தான். ஓட்டுநர் பக்கத்து ராக் பூட்டை (முனையை மூடும் ரப்பர் உறையை) அழுத்தினால் உள்ளே எண்ணெய் சளசளவென்று கேட்டது. கிளிப்பைத் தளர்த்தியதும் பவர் ஸ்டீயரிங் எண்ணெயான சிவப்பு ஏடிஎஃப் கை முழுவதும் வழிந்தது. ராக்கின் உள் சீல் போய்விட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. சீல் கிட் போட்டுச் சரிசெய்யலாம். ஆனால் தண்டில் துருப்புள்ளி விழுந்திருந்தால் புதுச் சீலும் சீக்கிரம் கிழிந்துவிடும். செலவு செய்து அதே அமைப்பை மறுபடி உயிர்ப்பிப்பதைவிட, அதை மொத்தமாக எடுத்துவிடுவதே தடத்தில் ஓடும் வண்டிக்குச் சரி என்று பட்டது.

முதல் கட்டமாக, எதையும் கழற்றாமல் பெல்ட்டை மட்டும் எடுத்துவிட்டு, ஷெட்டுக்கு வெளியே உள்ள காலி இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். இந்த இன்ஜினில் தண்ணீர் பம்ப்பை ஆல்டர்னேட்டர் பெல்ட் சுழற்றுகிறது. ஸ்டீயரிங் பம்ப்பின் பெல்ட் தனி என்பதால் அதை எடுத்தால் இன்ஜின் சூடாகும் பயமில்லை. வேறு வண்டியில் ஒரே பெல்ட் எல்லாவற்றையும் சுழற்றினால் இப்படிச் செய்யக் கூடாது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்க இரண்டு கையும் தோளும் வேண்டியிருந்தன. உருண்டுகொண்டே ஒடித்தபோது பரவாயில்லை. கனத்தைவிட என்னை உறுத்தியது வேறொன்று: நடுவில் ஒரு தொளதொளப்பு. சக்கரம் திரும்புவதற்கு முன் ஸ்டீயரிங் சில டிகிரி வெறுமனே திரும்பியது.

அந்தத் தொளதொளப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பழைய ராக்கைப் பிரித்துப் பார்த்த பிறகு கண்ணாலேயே கண்டேன். வைஸில் கட்டி, ராக்கை நகர்த்தும் சிறு பற்சக்கரமான பினியனின் தலையைக் கழற்றினால், உள்ளே பேனா ரீஃபிலைவிடச் சற்றுத் தடித்த ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது. டார்ஷன் பார் என்பது அதுதான். மேல்முனை ஸ்டீயரிங் தண்டோடும் கீழ்முனை பினியனோடும் பின் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இந்தக் கம்பி முதலில் முறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த முறுக்கில்தான் சுற்றியுள்ள வால்வின் வாய்கள் திறந்து, எந்தப் பக்கம் எண்ணெய் போக வேண்டும் என்பது தீர்மானமாகிறது. எண்ணெய் ராக்கின் நடுவில் உள்ள பிஸ்டனை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. முழுதாக ஒடிக்கும்போது அழுத்தம் பல சிறு கார்களில் 60 பாருக்கும் மேல் ஏறும். இத்தனையும் இயங்குவதற்காகவே அந்தக் கம்பி நெகிழ்வாகச் செய்யப்பட்டிருக்கிறது. பம்ப்பை எடுத்துவிட்டால் உதவி போய்விடும். நெகிழ்வு அப்படியே இருக்கும். முறுக்கு ஓர் எல்லையைத் தொட்டதும் உள்ளே உள்ள தடை முட்டி, பினியன் நேரடியாகத் திரும்பும். அதனால் வண்டி கைவிட்டுப் போகாது. ஆனால் நடுவில் அந்த வெறும் டிகிரிகளை ஒவ்வொரு வளைவிலும் கடக்க வேண்டும்.

பிஸ்டனும் சும்மா இருக்காது. பம்ப்பை எடுத்துவிட்டு இரண்டு ஹோஸ் வாய்களையும் ஒரு குழாயால் இணைத்து விடுவது பரவலாகச் செய்யப்படும் குறுக்குவழி. அப்போதும் நாம் ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் உள்ளே இருக்கும் எண்ணெயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சிறு துளைகள் வழியே தள்ளுகிறது. அந்த வேலையை நம் கைதான் செய்கிறது. வாய்களை அடைத்துவிட்டால் இன்னும் மோசம். எண்ணெயை வடித்துவிட்டு அப்படியே ஓட்டினால் சீல்கள் காய்ந்து தண்டைக் கவ்வும், தண்ணீர் புகுந்தால் துரு பிடிக்கும்.

முறையாகச் செய்பவர்கள் பிஸ்டனைச் சுற்றியுள்ள டெஃப்லான் வளையத்தை வெட்டி எடுத்து, எல்லாவற்றையும் துடைத்து, கிரீஸ் இட்டு, டார்ஷன் பாரை வெல்டிங் செய்து ஆட்டத்தை நிறுத்துகிறார்கள். அதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. கடினப்படுத்தப்பட்ட எஃகில் வெல்டிங் சூடு பட்டால் அதன் தன்மை எந்த இடத்தில் எப்படி மாறியிருக்கும் என்பதை வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் அந்த மாதிரி நம்பிக்கை போதாது. எஸ்டீமைப் பொறுத்தவரை அதற்குத் தேவையும் இல்லை. இதே உடலமைப்பில் 1990இல் வந்த மாருதி 1000க்குப் பவர் ஸ்டீயரிங் கிடையாது. எஸ்டீமின் ஆரம்ப விலை எல்எக்ஸ் வகையும் மேனுவல்தான். தொழிற்சாலையே செய்த மேனுவல் ராக் பழைய பொருள் சந்தையில் இருக்கிறது.

அதற்காகப் புதுப்பேட்டைக்குப் போனேன். ஸ்டீயரிங் காலமின் (ஸ்டீயரிங்கிலிருந்து கீழே வரும் தண்டின்) கீழ் ஜாயிண்ட்டைக் கழற்றிக் கையோடு எடுத்துச் சென்றது நல்லதாயிற்று. பினியன் தண்டின் பற்கள் அந்த ஜாயிண்ட்டில் சேருகின்றனவா என்று கடை வாசலிலேயே மாட்டிப் பார்த்தேன். முதலில் காட்டிய ராக் பார்க்கப் பளபளப்பாக இருந்தது. பினியனைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் லொடலொடத்தது, ஓரங்களில் இறுகியது. நேராக ஓடும்போது நடுப்பற்கள்தான் ஓயாமல் வேலை செய்கின்றன, தேய்வதும் அவைதான். அந்த ஆட்டத்தை, ராக்கைப் பினியனோடு அழுத்திப் பிடிக்கும் பிளஞ்சரை இறுக்கிப் போக்கினால் ஓரங்களில் ராக் சிக்கிக்கொள்ளும். இதைச் சொன்னதும் கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய், தூசி படிந்த வேறொன்றைக் கொண்டுவந்தார். "தம்பி, இதைப் பாருங்கள், பூட் கிழியாத வண்டியில் இருந்தது" என்றார். அவர் சொன்னது சரி. பூட்டை விலக்கிப் பார்த்தபோது பழைய கிரீஸ் கெட்டியாக இருந்ததே தவிர, தண்டில் ஒரு துருப்புள்ளிகூட இல்லை. நீண்ட ஸ்கேலைத் தண்டின் மேல் வைத்து வளைவு இல்லை என்று பார்த்துக்கொண்டு, அதன் கிளாம்ப்புகளையும் ரப்பர் புஷ்களையும் சேர்த்தே கேட்டு வாங்கினேன். இரண்டு ராக்குகளின் குழாய்ப் பருமனும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

கழற்றும் வேலையில் விவரிக்க அதிகம் இல்லை. ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி எண்ணெயை ஒரு கேனில் வடித்து, பம்ப், பிராக்கெட், டேங்க், ஹோஸ்கள் எல்லாவற்றையும் எடுத்தேன். அழுத்தக் குழாயின் நட்டுக்கு அதற்கென்றே உள்ள ஸ்பேனர் வேண்டும். சாதாரண ஸ்பேனர் முனைகளை மழுக்கிவிடும். ராக்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராட் எண்டுகளில் ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, புல்லர் போட்டுப் பிரித்தேன். சுத்தியலால் தட்டிப் பிரிப்பவர்கள் உண்டு, ரப்பர் கிழியாமல் அது நடப்பது அதிர்ஷ்டம். ராக் இன்ஜினுக்குப் பின்னால் இடுக்கில் இருப்பதால், சக்கர வளைவின் வழியே சாய்த்துச் சாய்த்து வெளியே இழுக்க வேண்டியிருந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப் அண்ணன் மறுமுனையைப் பிடிக்காவிட்டால் அது வந்திருக்காது. என் வண்டியில் ஏர்பேக் இல்லை. ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டீயரிங் காலம் ஜாயிண்ட்டைக் கழற்றும் முன் ஸ்டீயரிங்கை அசையாமல் கட்டி வைக்க வேண்டும். அது இஷ்டத்துக்குச் சுற்றினால் ஏர்பேக்குக்கு மின்இணைப்புத் தரும் கிளாக் ஸ்பிரிங் அறுந்துவிடும்.

கழற்றியவற்றை எல்லாம் தராசில் வைத்தேன். ராக்கைச் சேர்க்காமல் ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முன்சக்கரங்களுக்கு மேலே இருந்து குறைந்த எடை என்பதால் மகிழ்ச்சிதான். ஆனால் எடைக்காகவும் இன்ஜின் சக்திக்காகவும் மட்டும் இதைச் செய்வது வீண். நேராக ஓடும்போது எண்ணெய் வெறுமனே சுற்றி வருவதால் பம்ப் தின்னும் சக்தி சொற்பமே.

புது ராக்கைப் பொருத்துவதில் பொறுமை தேவைப்பட்ட இடம் இரண்டு. ஒன்று, நடுவை அமைப்பது. ராக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுற்றி, சரிபாதியில் நிறுத்தி, ஸ்டீயரிங் நேராக இருக்கும் நிலையில் ஜாயிண்ட்டைச் செருகினேன். ஒரு பல் தள்ளிச் செருகினாலும் ஒரு பக்கம் வண்டி குறைவாக ஒடியும். டை ராடை வைத்து அதைச் சரிசெய்யப் பார்ப்பது தவறு. மற்றொன்று பிளஞ்சர். ஸ்பிரிங்கை அமுக்கும் அந்த மூடியைச் சர்வீஸ் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கி, சொன்ன அளவு தளர்த்தி, லாக் நட்டை இறுக்கிவிட்டு, ராக்கை ஓரம் முதல் ஓரம் வரை கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எந்த இடத்திலும் பிடிக்கக் கூடாது. புதிய கிரீஸ், புதிய பூட், புதிய ஸ்ப்ளிட் பின். பழைய ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி மாட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

பம்ப்பில் இருந்த அழுத்த சுவிட்சின் வயரை மூடிக் கட்டிவைத்தேன். ஸ்டீயரிங் முழுதாக ஒடியும்போது ஐடில் (நின்றபடி ஓடும் இன்ஜின் வேகம்) விழாமல் இருக்க இன்ஜின் கணினியான ஈசியுவுக்குச் சொல்லும் சுவிட்ச் அது. இப்போது அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஐடிலிலும் மாற்றம் தெரியவில்லை. அன்றே வீல் அலைன்மென்ட் செய்தேன். டோ அளவு (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) கலைந்திருப்பது நிச்சயம் என்பதால் அது இல்லாமல் வேகமாக ஓட்டவே கூடாது.

இனி, ஓட்டியது. நின்ற இடத்தில் ஒடிப்பது கனம்தான். அதை மறைக்க முடியாது. 175/70 ஆர்13 டயர், முன்னால் இன்ஜினும் கியர்பாக்ஸும், முன்சக்கர இயக்கம். லோட்டஸ் எலிஸ் 1996இல் வந்தது முதலே பவர் ஸ்டீயரிங் இல்லாமல் இருந்தும் கைக்கு இதமாக இருப்பதற்குக் காரணம், இன்ஜின் பின்னால் இருப்பதால் முன்சக்கரங்களில் விழும் எடை குறைவு. நம் எஸ்டீமுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் மேனுவல் ராக்கில் ஓரம் முதல் ஓரம் வரை சுற்றுகள் அதிகம். அந்தக் கூடுதல் சுற்றுதான் கையின் சுமையைப் பங்கிட்டுக்கொள்கிறது. பெல்ட்டை மட்டும் எடுத்து ஓட்டியபோது இருந்ததோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். வண்டி ஓரடி உருண்டாலும் கனம் பாதியாகிவிடுகிறது. அம்பாசடர் ஓட்டிப் பழகியவர்களுக்கு, உருளாமல் ஒடிக்காதே என்பது யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம்.

தடத்தில்தான் இந்த உழைப்பு முழுவதற்கும் பதில் கிடைத்தது. நேர்ப்பாதையின் முடிவில் வேகமாக நுழையும் சி1 வளைவில் ஸ்டீயரிங் மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டே வந்தது. டயரின் பிடிப்பு ஏற ஏறக் கையில் எதிர்விசையும் ஏறுகிறது. இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டியபோது, முன்பக்கம் வழுக்குவதற்குச் சற்று முன்னதாகவே அந்தக் கனம் லேசாகக் குறைந்தது. டயரைத் தானாக நேராக்கப் பார்க்கும் விசை, பிடிப்பு உச்சத்தை அடைவதற்கு முன்பே தேயத் தொடங்கிவிடுகிறது. அதனால் கை இலகுவாவதே எச்சரிக்கை. பவர் ஸ்டீயரிங் இருந்த காலத்தில் இந்தச் செய்தி எண்ணெயில் கரைந்துபோயிற்று. டயர் கீச்சிடும் சத்தத்தை வைத்தும் வண்டி வெளியே நகர்வதை வைத்தும்தான் எல்லையைத் தெரிந்துகொண்டேன். இப்போது சத்தம் வருவதற்கு முன்பே கைக்குத் தெரிகிறது. வளைவில் ஒரு சிறு மணல் திட்டைக் கடந்தாலும் தெரிகிறது. அதை முதன்முறை உணர்ந்தபோது ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன்.

விலையும் உண்டு. மெதுவான, இறுக்கமான வளைவுகளில் கையை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. திடீரென்று வண்டி வால் வீசினால் எதிர்ப்பக்கம் ஒடிக்க முன்பைவிட அதிகமாகச் சுழற்ற வேண்டும். அதற்குக் கை பழக வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே வளைவை விட்டு வெளிவரும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதும் இப்போது நேராகக் கைக்கு வருகிறது. சிறிய ஸ்டீயரிங் வீல் மாட்டலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாட்ட மாட்டேன்: விட்டம் குறைந்தால் நெம்புவிசை குறையும், கனம் கூடும். நெரிசலில் தினமும் அலுவலகம் போய்வர ஒரே வண்டி வைத்திருப்பவர்களும், தோள் வலி உள்ளவர்களும் இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். அவர்களுக்குக் கசிவைச் சரிசெய்வதே நல்லது.

அடுத்ததாகப் பிளஞ்சரையும் ராக் கிளாம்ப் போல்ட்டுகளையும் மறுபடி பார்க்க வேண்டும்; ரப்பர் புஷ்கள் கொஞ்சம் அமர்ந்திருக்கும். அதன் பிறகு கேஸ்டரை (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வை) சற்றுக் குறைத்துப் பார்க்கும் எண்ணம் இருக்கிறது. கனம் குறையும், ஆனால் நடுவுக்குத் தானாகத் திரும்பும் குணமும் குறையும். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதைத் தடத்தில் ஓட்டித்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய பம்ப்பின் வாய்களை அடைத்து, பிராக்கெட்டோடும் போல்ட்டுகளோடும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.