மூன்றாவது மாடிக்கு ஒரு வேக்கம் பம்ப்

இன்று ஒரு வீட்டில் ஏசியைக் கழற்றி வேறு அறையில் மாட்டும் வேலை. "போன தடவை வந்த தம்பி ஸ்பேனரோட மட்டும்தான் வந்தாரு. உங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு மூட்டை?" என்று கேட்டார் வீட்டுக்கார அக்கா. மூட்டையில் பாதி கனம் வேக்கம் பம்ப், அதாவது ஏசிக் குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியே தள்ளும் மெஷின்.

அந்தத் தம்பி பம்ப் இல்லாமல், ஏசியைக் குளிர வைக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டு, குழாயிலிருந்த காற்றைத் தள்ளியிருப்பார். குளிரும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும். அதுவும் இந்த ஏசியில் இருக்கும் ஆர்32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ், திறந்துவிட்டு விளையாடலாமா?

அழுத்தம் காட்டும் கேஜில் நீல ஓஸை ஏசியின் சர்வீஸ் போர்ட்டிலும் (கேஸ் ஏற்றும் வாய்) மஞ்சளை பம்ப்பிலும் மாட்டினேன். வீட்டு ஸ்ப்ளிட்டில் பெரும்பாலும் ஒரே போர்ட்தான், சிவப்பு சும்மா தொங்கும். முள் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி 30 இன்ச் வேக்கத்தை ஒட்டி நின்றது. பம்ப்பை நிறுத்திவிட்டு அக்கா கொடுத்த டீயைக் குடித்தேன். டீ முடிவதற்குள் முள் மெல்ல மேலே ஏறியது! எங்கேயோ லீக்.

அப்புறம் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவினால், குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டில் குட்டிக் குட்டிக் குமிழ். பழைய ஃப்ளேரில், அதாவது குழாயின் விரித்த முனையில், மயிரிழை வெடிப்பு. வெட்டிவிட்டுப் புதிதாக ஃப்ளேர் அடித்து, மறுபடி முதலிலிருந்து வேக்கம். இரண்டாவது டீயும் வந்தது.