அச்சிட்டது யார், விலை என்ன, யாரிடம் போய்ச் சேர்ந்தது?

எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்த சேர், அமெரிக்கப் புரட்சியைப் போர்க்களத்தில் தொடங்குவதில்லை. ஒரு சிறு பிரசுரத்தில் தொடங்குவார். அச்சிட்டது யார், விலை என்ன, வாசிக்கத் தெரியாதவரிடம் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்க மிஷன் 1841இல் உதயதாரகை என்ற பத்திரிகையை அச்சிட்டு வெளியிட்ட யாழ்ப்பாண மண்ணில் அது பொருத்தமான படிப்புத்தான். இன்று நம் பிள்ளைகள் வெளிநாட்டுப் பள்ளிகளில் அந்தப் பிரசுரத்தையும் அதற்குப் பின்வந்த அமெரிக்க எழுத்துகளையும் பாடமாகப் படிக்கிறார்கள். அவர்களுக்காக அந்த முறையை இங்கே எழுதி வைக்கிறேன்.

அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானியாவிடமிருந்து விடுபட வேண்டும் என்று வாதிட்ட தோமஸ் பெயினின் 'கொமன் சென்ஸ்' பிரசுரம் 1776 ஜனவரி 10 அன்று பிலடெல்பியாவில் வெளிவந்தது. அச்சிட்டவர் ரொபர்ட் பெல். விலை இரண்டு ஷில்லிங். எழுதியவர் பெயர் அட்டையில் இல்லை. பெயின் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கி ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடத்தான் ஆகியிருந்தது. தன் பங்கு இலாபத்தில் கனடாப் பக்கம் போரிட்ட வீரர்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். இலாபமே இல்லை என்று பெல் கணக்குக் காட்ட, இருவருக்கும் தகராறு மூண்டது. பெயின் புதிய பகுதிகளைச் சேர்த்து பிராட்போர்ட் அச்சகத்திடம் கொடுத்து, விலையை ஒரு ஷில்லிங்காகக் குறைக்க வைத்தார். பெல்லோ தன் பதிப்பை நிறுத்தவில்லை. மற்ற ஊர் அச்சகங்களும் தாங்களாகவே அச்சிட்டன. பாதி விலையும் பல அச்சகங்களும் சேர்ந்துதான் அந்தப் பிரசுரத்தைக் குடியேற்றங்கள் எங்கும் கொண்டுபோயின. பெயினின் நடையும் அதற்கு ஏற்றது. லத்தீன் மேற்கோள்களால் நிரப்பாமல், எல்லோருக்கும் பழக்கமான வேதாகமத்திலிருந்தே மன்னராட்சிக்கு எதிராக வாதிட்டார். ஒருவர் உரக்க வாசிக்க, நாலு பேர் இருந்து கேட்கலாம்.

பிள்ளைகள் பிழைவிடும் இடமும் இதுதான். ஐந்து இலட்சம் பிரதி விற்றது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அப்போது குடியேற்றங்களின் மொத்தச் சனத்தொகையே, அடிமைகளையும் குழந்தைகளையும் சேர்த்து, சுமார் 25 இலட்சம். மர அச்சுப்பொறியில் இருவர் சேர்ந்து மணிக்கு ஏறத்தாழ 200 தாள் ஒரு பக்கம் அடிக்கலாம். பிறகு மறுபக்கம் அடிக்க வேண்டும், காயவைக்க வேண்டும், மடித்துத் தைக்க வேண்டும். கடதாசியோ கந்தைத்துணியிலிருந்து செய்தது, அதற்கும் தட்டுப்பாடு. ஒரு இலட்சத்துக்கு மேல் விற்றது என்று பெயினே சொன்னதைக்கூட இன்று ஆய்வாளர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். ஆகவே பிரதிகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்த ஒரே வருடத்தில் எத்தனை ஊர்களில் பதிப்புகள் வந்தன என்று எழுதினால் விடை உறுதியாக நிற்கும்.

சுதந்திரப் பிரகடனத்திலும் இதே கவனம் தேவை. 1776 ஜூலை 4 அன்று அது ஏற்கப்பட்டதும் ஜோன் டன்லப் என்ற அச்சாளர் அன்றிரவே ஏறத்தாழ 200 ஒற்றைத்தாள்களை அடித்தார். அவற்றில் 56 கையொப்பங்கள் இல்லை. குடியேற்றப் பிரதிநிதிகள் பேரவையின் தலைவர் ஜோன் ஹான்கொக்கின் பெயரும் செயலாளர் சார்ல்ஸ் தொம்சனின் பெயரும் மட்டுமே அச்சில் இருந்தன. பெரும்பாலானோர் ஒப்பமிட்டது ஆகஸ்ட் 2 அன்று. ஜூலை 9இல் நியூயோர்க்கில் படைவீரர்களுக்கு அது உரக்க வாசிக்கப்பட்டது. அன்று மாலையே கூட்டம் போய் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் ஈயச் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்தது. அந்த ஈயம் பிறகு துப்பாக்கிக் குண்டுகளாக வார்க்கப்பட்டது.

அடிமைமுறையின் கொடுமையைச் சொன்ன ஹரியற் பீச்சர் ஸ்ரோவின் 'அங்கிள் ரொம்ஸ் கபின்' நாவல் வந்தபோது நீராவி அச்சுப்பொறி வந்துவிட்டது. 1851 ஜூனிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக ஓடி, 1852 மார்ச்சில் பொஸ்டனில் இரண்டு பாகங்களாக நூலாயிற்று. முதல் வருடத்தில் அமெரிக்காவில் மூன்று இலட்சம் பிரதிகள். இந்தப் போரைத் தொடங்கி வைத்த சின்னப் பெண் நீங்கள்தானா என்று உள்நாட்டுப் போரின்போது ஸ்ரோவிடம் ஜனாதிபதி லிங்கன் கேட்டதாகச் சொல்லும் கதைக்குச் சமகாலப் பதிவு இல்லை. அதைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள். அதற்குப் பதிலாக சாமுவேல் கிரீனைப் பற்றி எழுதுங்கள். மேரிலாந்தில் வாழ்ந்த, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் போதகர் அவர். இந்த நூலை வீட்டில் வைத்திருந்த குற்றத்துக்கு 1857இல் அவருக்குப் பத்து வருடச் சிறை விதித்தார்கள். ஒரு புத்தகத்துக்கு ஆட்சியாளர்கள் எவ்வளவு அஞ்சினார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

அப்டன் சிங்ளேயரின் 'தி ஜங்கிள்' நாவல் வேறொரு பாடம். 1904இல் சிக்காகோ இறைச்சிக்கூடங்களில் ஏழு வாரம் அலைந்து திரட்டியதைக் கொண்டு எழுதினார். 1905இல் ஒரு சோசலிசப் பத்திரிகையில் தொடராக வந்தது. நூலாக்கப் பல பதிப்பகங்கள் மறுத்தன. ஏற்றுக்கொண்ட பதிப்பகமும் முதலில் தன் ஆளைச் சிக்காகோவுக்கு அனுப்பி உண்மையா என்று சோதித்த பிறகே 1906 பெப்ரவரியில் வெளியிட்டது. சிங்ளேயர் எழுத நினைத்தது புலம்பெயர்ந்து வந்த தொழிலாளரின் துயரத்தை. இறைச்சியின் அழுக்கு நூலில் சில பக்கங்கள்தான். வாசகர் மனதில் தைத்ததோ அந்தச் சில பக்கங்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், நீல், ரெய்னோல்ட்ஸ் என்ற இரு விசாரணையாளர்களை அனுப்பி அறிக்கை பெற்றார். 1906 ஜூன் 30 அன்று இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் கையெழுத்தாயின. பரிசோதனைச் செலவைக் கம்பனிகளே கட்ட வேண்டும் என்ற யோசனை தோற்று, அது அரசின் தலையில் விழுந்தது. தொழிலாளரின் கூலிக்கோ வேலைநேரத்துக்கோ இந்தச் சட்டங்களில் ஒரு வரிகூட இல்லை. அந்த நூலை வெற்றிக்கதையாக மட்டும் எழுதும் கட்டுரை அதன் கதாநாயகனான லித்துவேனியத் தொழிலாளியை மறந்துவிடுகிறது.

மார்ட்டின் லூதர் கிங் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகரில் எழுதிய சிறைக் கடிதத்துக்குத் திகதிகளை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். 1963 ஏப்ரல் 12, பெரிய வெள்ளியன்று கைது. நிற ஒதுக்கலுக்கு எதிரான அவரது போராட்டத்தைக் கண்டித்து எட்டு வெள்ளை மதகுருமார் விட்ட அறிக்கை பத்திரிகையில் வந்தது. பதிலை அந்தப் பத்திரிகையின் ஓரங்களிலேயே எழுதத் தொடங்கினார், பிறகு கிடைத்த துண்டுத்தாள்களில். வெளியே கொண்டுவந்து தட்டச்சுச் செய்தார்கள். ஏப்ரல் 16 என்று திகதியிடப்பட்ட கடிதம் பரவலாக அச்சேறியது அதற்குப் பிந்திய வாரங்களில்தான். மே 10இல் பேர்மிங்ஹாமில் உடன்பாட்டைக் கொண்டுவந்தவை பொருட்பகிஷ்கரிப்பும், மே மாதத் தொடக்கத்தில் தெருவில் இறங்கி பொலிஸ் நாய்களுக்கும் தீயணைப்புக் குழாய்களின் நீர்ப்பாய்ச்சலுக்கும் முகங்கொடுத்த பள்ளிப் பிள்ளைகளும். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் அமைப்பொன்று சிறு பிரசுரமாகவும் சஞ்சிகைகள் முழுமையாகவும் வெளியிட்ட பிறகே கடிதம் நாடெங்கும் போயிற்று. இன்னும் பொறுங்கள் என்று சொன்ன மிதவாத வெள்ளையருக்கு அது பதிலாக அமைந்தது அப்போதுதான்.