நிலத்துக்கு அடியில் இருப்பதைச் சுவரில் வரைவது

சுவரில் எழுதுவது என் பிழைப்பு. கட்சி விளம்பரம், சிமென்ட் விளம்பரம், ஜவுளிக்கடை விளம்பரம் என்று எழுதிக்கொண்டிருந்தோம். பிளெக்ஸ் வந்ததும் எங்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போய்விட்டார்கள். நான் இந்தத் தொழிலிலேயே நின்றதற்குக் காரணம் டெல்டாவில் மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று மண்ணுக்கு அடியில் இருக்கிற எரிவாயு, எண்ணெய் எடுப்பதை எதிர்த்து நடந்த போராட்டங்கள்தான். பிளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விடலாம், சுவரை அப்படிக் கொண்டுபோக முடியாது. அதனால் ஊர்க்காரர்கள் கையால் எழுதுகிற ஆளைத் தேடினார்கள்.

மன்னார்குடி பகுதியில் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-இல் மத்திய அரசு ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. அந்தப் பகுதிக்குள் வருகிற பல ஊர்க்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஐயா இதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் இறந்துபோனார். அதற்கப்புறம்தான் சுவர் எழுத என்னைத் தேடி வருவது அதிகமானது.

வருகிறவர்கள் முதலில் கேட்பது மண்டை ஓடு. இல்லையென்றால் வெடித்த நிலம், அழுகிற விவசாயி. வரையச் சொன்னால் வரைவேன், அது சுலபம். ஆனால் அந்தப் படத்தை ஒருவர் ஒரு தடவை பார்த்தால் போதும், அடுத்த நாள் அவர் கண்ணுக்கு அது தெரியாது. எதை எதிர்க்கிறோமோ அது மண்ணுக்கு அடியில் நடக்கிற வேலை, யாரும் நேரில் பார்த்ததில்லை, அதனால் முதலில் அதைத்தான் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. நிலக்கரியில் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருப்பதே அந்தப் படுகையில் இருக்கிற நீரின் அழுத்தத்தால்தான். நீரை இறைத்து வெளியே தள்ளினால்தான் அழுத்தம் குறைந்து வாயு பிரிந்து மேலே வரும். இதைச் சொன்ன உடனே எந்த விவசாயியும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அங்கே தண்ணி குறைஞ்சா மேலே இருக்கிற எங்க தண்ணி கீழே இறங்காதா? அதைத் தொடர்ந்து, கடல் பக்கத்து உப்புத் தண்ணி உள்ளே ஏறாதா, இறைச்ச தண்ணியை எந்த வாய்க்கால்ல விடுவாங்க என்று வரிசையாக வரும். இந்தக் கேள்விகள் வருகிற மாதிரி ஒரு படம் வேண்டும்.

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு ஊரில் நெல் கோடவுன் சுவர் கிடைத்தது, நல்ல நீளம். நிலத்தைக் குறுக்காக வெட்டிக் காட்டுகிற படம் போடலாம் என்றேன். மண் அடுக்கு எப்படி இருக்கும் என்று அந்த ஊரில் போர்வெல் போடுகிற அண்ணனைக் கூட்டி வந்தார்கள். டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே அவர் சொல்லச் சொல்ல நான் கோடு போட்டேன். "மேலே கருங்களி. அதுக்குக் கீழே பொடி மணல், தண்ணி காட்டும் ஆனா நிக்காது. அப்புறம் ஒரு மஞ்சக் களி. அதைத் தாண்டினா பருமணல், நம்ம மோட்டாரெல்லாம் அங்கேதான் குடிக்குது." மஞ்சள் களிக்கு நான் கலந்த நிறத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பளிச்சுன்னு இருக்காது தம்பி, கொஞ்சம் சாம்பல் சேருங்க" என்றார். சேர்த்தேன். எல்லா மோட்டாரும் சுவரின் மேல் விளிம்பை ஒட்டியே முடிந்துவிட்டது. எரிவாயுக் கிணற்றுக் குழாயை மட்டும் கீழே கீழே இழுத்துக்கொண்டு போய்ச் சுவரின் அடி விளிம்பு வரை கொண்டுவந்து நிறுத்தினேன், அளவுப்படி பார்த்தால் அப்போதும் அது பத்தாது. அண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தக் குழாயைச் சுத்தி சிமென்ட் போட்டுத்தானே இறக்குவாங்க, அந்த சிமென்ட் எத்தனை வருஷம் தாங்கும்?" உலகம் முழுக்க எரிவாயுக் கிணறுகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கேட்கிற முக்கியமான கேள்வி அது. இரும்புக் குழாயும் சுற்றியிருக்கிற சிமென்டும் கெட்டுப்போகிற இடத்தில்தான் வாயுவும் உப்புநீரும் நல்ல நீர் அடுக்குக்குள் போக வழி கிடைக்கிறது. அந்தக் கேள்வியை அவர் சொன்ன சொல்லிலேயே படத்துக்குப் பக்கத்தில் எழுதினோம், முழக்கம் எதுவும் எழுதவில்லை. அடுத்த வாரம் அங்கே நின்று ஆட்கள் பேசிக்கொண்டிருந்தது அந்த சிமென்டைப் பற்றித்தான்.

பாட்டு விஷயத்திலும் இதே கதைதான். ஒரு ஊரில் போராட்டப் பந்தலுக்கு ஒப்பாரி வைக்கலாம் என்று வெளியிலிருந்து வந்த தம்பிகள் சொன்னார்கள். நடவு வேலைக்குப் போகிற ஒரு ஆத்தா எழுந்து, "உசுரோட இருக்குறவளுக்கு எவளாச்சும் ஒப்பாரி வைப்பாளா? வயல்ல பச்சை நிக்குது" என்று சொல்லி மறுத்துவிட்டது. சரி, அப்புறம் என்ன பாடுவது? நடவுப் பாட்டையே எடுத்தார்கள். எந்த வயலில் என்ன நெல், எந்த வாய்க்கால் எங்கே பிரிகிறது, யார் தாத்தா வெட்டின குளம் என்று அடி அடியாகக் கட்டினார்கள். அதில் எதிர்ப்பு என்ற சொல்லே இல்லை. ஆனால் கேட்டவர் யாருக்கும் அது எதற்கான பாட்டு என்று சந்தேகம் வரவில்லை.

ஒப்பாரி தப்பு என்று நான் சொல்லவில்லை. 2017 பிப்ரவரி 15 அன்று ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த 31 இடங்களில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் இருந்தது, மறுநாளே அங்கே மக்கள் கூடிவிட்டார்கள். ஏப்ரலில் தொடங்கிய இரண்டாம் கட்டப் போராட்டம் 174 நாள் நடந்தது. அங்கே பெண்கள் ஒப்பாரியும் வைத்தார்கள், கும்மியும் அடித்தார்கள். அத்தனை நாள் ஒரு பந்தல் கலையாமல் நிற்க வேண்டுமானால் மேடைப் பேச்சு மட்டும் போதாது, வந்து உட்காருகிற ஒவ்வொருவருக்கும் செய்ய ஒரு வேலை வேண்டும். தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று எண்ணெய்க் குழாய் கசிந்து, கேட்கப் போன மக்கள்மீது தடியடி நடந்தது. அதற்குப் பிறகு பல ஊர்களில் யாரும் என்னிடம் மண்டை ஓடு கேட்கவில்லை. நம்ம ஊரில் குழாய் எங்கே போகிறது என்று வரையச் சொன்னார்கள்.

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-இலேயே சட்டம் இருக்கிறது. அதனால் அரசுச் சுவரில் கை வைக்கமாட்டோம், வீட்டுக்காரர் சம்மதம் வாங்கித்தான் எழுதுவோம். அப்படியும் ஒரு ஊரில் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்கள். காலையில் வாசல் தெளிக்க வந்த பெண்பிள்ளைகள் சுவரில் இருந்த கிணற்றையும் குழாயையும் அப்படியே தெருவில் கோலமாகப் போட்டார்கள். கோலம் எப்படியும் தினமும் அழிந்து தினமும் போடுகிற பொருள், அதை என்ன செய்ய முடியும்? எனக்கு அன்றைக்கு அங்கே வேலையே இல்லை.

2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை. பெரிய வெற்றிதான், ஊர் ஊராக வெடி போட்டார்கள். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை, மண்டலத்துக்கு வெளியே இருக்கிற ராமநாதபுரம் மாதிரி மாவட்டங்களுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. அதற்கு முந்தைய மாதம்தான், ஆய்வுக் கிணறு தோண்ட மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தத் தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதியை மாற்றியிருந்தது. கூட்டம் போட்டிருந்தால் அந்தப் போர்வெல் போடுகிற அண்ணன் எழுந்து நின்று சிமென்டைப் பற்றிக் கேட்டிருப்பார், யாராவது பதிலை எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத கோபம்.

இப்போது எழுதுவது பெரும்பாலும் பழைய குழாய்கள் போகிற ஊர்களில். படத்தோடு சர்வே நம்பரும் எழுதச் சொல்கிறார்கள்: எந்த வயலுக்கு அடியில் குழாய் போகிறது, எங்கே எண்ணெய் வாடை அடித்தது என்று. பக்கத்து ஊரிலும் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பிரஷ்ஷை எடுக்கும் முன் அங்கே வயல்காரர்களை உட்கார வைத்துப் பேச வேண்டும், அறுவடை முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.