தப்பாப் போட்டா எப்படி எடுக்கறதுங்க?

கொள்முதல், ஸ்டோர், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் எஸ்.ஏ.பி. மாதிரியான ஈ.ஆர்.பி. மென்பொருளை ஒரு ஆலையில் கொண்டுவரும்போது, திட்ட அட்டவணையில் பயனர் பயிற்சிக்குக் கடைசி வரிசைதான். கான்ஃபிகரேஷன், பழைய தரவை ஏற்றும் டேட்டா மைக்ரேஷன், பயனர்களே சோதித்துப் பார்க்கும் யு.ஏ.டி. என்று முன்னால் இருப்பதெல்லாம் இழுத்துக்கொண்டே போகும். புது மென்பொருளில் வேலை தொடங்கும் கோ-லைவ் தேதி மட்டும் நகராது. நடுவில் நசுங்குவது பயிற்சி நாட்கள். கோவைப் பக்கத்து பம்ப், ஃபவுண்டரி ஆலைகளில் இதற்கு விதிவிலக்கை நான் பார்த்ததில்லை.

நாள் குறிப்பதற்கு நான் முதலில் எடுப்பது கணக்குப் பிரிவின் காலண்டர். கட்டவும் தாக்கல் செய்யவும் உள்ள கெடுக்கள்: 7-ஆம் தேதி டி.டி.எஸ்., 11 ஜி.எஸ்.டி.ஆர்-1, 15 பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., 20 ஜி.எஸ்.டி.ஆர்-3பி. மாதக் கடைசியில் குளோசிங். மிஞ்சுவது 21 முதல் 27 வரை. வேறு நாளில் கூப்பிட்டால் ஆள் வருவார், மனசு வராது. இரவு ஷிஃப்டில் சரக்கு இறக்கும் ஸ்டோர்காரர் பெயரோ பெரும்பாலும் பட்டியலிலேயே இருக்காது. காலை 6 மணிக்கு ஷிஃப்ட் முடிந்தவரை 10 மணி வகுப்புக்கு வரச் சொல்வதைவிட, நாமே இரவில் ஆலைக்குப் போவது மேல்.

அடுத்து, யாரை யாரோடு உட்கார வைப்பது? சரக்கைப் பார்க்கும் எம்.எம்.காரர்களுக்கு ஒரு வகுப்பு, கணக்கைப் பார்க்கும் எஃப்.ஐ.காரர்களுக்கு ஒரு வகுப்பு என்று மாட்யூல்வாரியாகப் பிரிப்பது ஆலோசகர்களுக்குத்தான் வசதி. லாரி அப்படி வருவதில்லை. கேட், எடைமேடை, ஸ்டோர், க்யூ.சி., பில் பாசிங் என்று அது போகும் வழியில் இருப்பவர்களை ஒரே அறையில் உட்காரவைத்து, அவர்களுடைய சப்ளையர் ஒருவரின் பி.ஓ.வை (கொள்முதல் ஆர்டரை) எடுத்து நடத்துவேன். எஸ்.ஏ.பி. பாடங்களில் வரும் சைக்கிள் கம்பெனி உதாரணத்தை வைத்துக்கொண்டு வார்ப்படக்காரரிடம் என்ன பேசுவது?

அப்படி ஒரு வகுப்பில்தான் ஸ்டோர் இன்சார்ஜ் கேட்டார்: "தப்பாப் போட்டா எப்படி எடுக்கறதுங்க?" கையேடு முழுக்கச் சரியாகப் போடும் வழிதான் இருந்தது.

அவர் கேட்டது சின்ன விஷயமில்லை. கம்பிக்கு பி.ஓ. கிலோவில் இருக்கிறது, சரக்கோடு வந்த டி.சி.யில் (டெலிவரி சலான்) 250 என்று எண்ணிக்கை. ஸ்டோரில் 250 கிலோ என்று 101 (எஸ்.ஏ.பி.யில் சரக்கு வரவுக்கான எண்) போட்டுவிட்டார்கள். உடனே கவனித்தால் அதைத் திருப்பும் 102-இல் கேன்சல் செய்துவிடலாம். அதற்குள் கம்பி மெஷின் ஷாப்புக்கு, உற்பத்திக்குக் கொடுக்கும் 261-இல் போயிருந்தால் கையிருப்பு போதாமல் 102 ஏறாது. முதலில் 262 போட்டு அதைத் திருப்ப வேண்டும். கணக்கில் மிரோ (சப்ளையர் பில் பதிவு) முடிந்திருந்தால் பில்லையும் கேன்சல் செய்தாக வேண்டும். சாயங்காலம் ஒருவர் அடித்த ஒரு எண், மறுநாள் மூன்று மேசைக்காரர்களின் வேலையைக் கெடுக்கிறது. அதனால் வகுப்பில் பாதி நேரம் தப்பைப் போட்டு எடுப்பதற்கே ஒதுக்கிவிடுகிறேன். "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேன்சல் பண்ணச் சொல்லித் தர்றீங்களா?" என்று ப்ராஜெக்ட் மேனேஜர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எடுக்கத் தெரியாதவர் பயந்துபோய் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பார்; பிறகு கம்ப்யூட்டரில் ஒரு ஸ்டாக், நோட்டில் ஒரு ஸ்டாக்.

பயிற்சி லாகின்களுக்கு எல்லா அனுமதியையும் திறந்துவிடுவது இன்னொரு வம்பு. வகுப்பில் சுலபமாகச் செய்தது கோ-லைவ் அன்று 'அனுமதி இல்லை' என்று நிற்கும்போது, மனிதர் தன்னைத்தான் சந்தேகிப்பார். நாளை அவருக்கு எந்த ரோலோ, வகுப்பிலும் அதே ரோல். ரோல் பட்டியல் இன்னும் தயாராகவில்லை என்பது அப்போதே அம்பலமாகும் என்பது கூடுதல் லாபம்.

இரண்டாவது சுற்றுப் பயிற்சியை முதல் மாத குளோசிங் முடிந்த பிறகு வைக்க வேண்டும். வந்த சரக்கையும் வந்த பில்லையும் பொருத்தும் ஜி.ஆர்./ஐ.ஆர். கணக்கில் தொங்கும் பாக்கிகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்போதுதான் உண்மையான கேள்விகளோடு வருவார்கள். ஆனால் அந்தச் சமயத்தில் நாள் கேட்டால் பட்ஜெட் முடிந்துவிட்டது என்பார்கள். ஒப்பந்தம் போடும்போதே அந்த நாட்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.